ஸ்டஃப்: நியூயார்க்கின் செஷன் கலைஞர்கள் மேடை ஏறியபோது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர் தெரியாமலேயே நாம் பல முறை கேட்டிருக்கக்கூடிய ஆறு பேரைப் பற்றியது இந்தப் பக்கம். பிறருடைய பாடல்களுக்குப் பின்னால் வாசிப்பதுதான் அவர்களுடைய பிழைப்பு. 1970-களின் நடுவில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு குழு அமைத்துக்கொண்டு நியூயார்க்கில் வாசிக்கத் தொடங்கினார்கள். குழுவின் பெயர் ஸ்டஃப். ஜாஸோடு பிற இசை வகைகளைக் கலக்கும் ஜாஸ் ஃப்யூஷன் என்றாலே அதிவேக விரல்களும் சிக்கலான கணக்குகளும்தான் என்று நினைப்பவர்கள் இவர்களை ஒரு முறையாவது முழுதாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் கீழே.

ஸ்டஃப் குழுவில் யார் யார் இருந்தார்கள்?

பேஸ் கிட்டாரில் கார்டன் எட்வர்ட்ஸ். குழுவைக் கூட்டியவரும் நடத்தியவரும் அவர்தான். பியானோ, ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ, ஹேமண்ட் ஆர்கன் மூன்றும் ரிச்சர்ட் டீயின் கையில். கிட்டாரில் இருவர்: எரிக் கேல், கார்னெல் டுப்ரீ. டிரம்ஸிலும் இருவர்: கிறிஸ் பார்க்கர், ஸ்டீவ் கேட்.

கேலும் டீயும் புரூக்ளினில் பிறந்தவர்கள். டுப்ரீ டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரத்துக்காரர். கிங் கர்டிஸ் என்ற புகழ்பெற்ற சாக்சபோன் கலைஞரின் குழுவில் வாசித்துத் தேர்ந்தவர். கேட், ரோசெஸ்டர் நகரத்தில் வளர்ந்து, அங்குள்ள ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் படித்து, ராணுவ இசைக்குழுவில் பணியாற்றிவிட்டு நியூயார்க்குக்கு வந்தவர்.

செஷன் கலைஞரின் வேலை என்ன?

நம் ஊர்த் திரைப்பாடல் பதிவுகளில் வயலினோ தபலாவோ வாசித்தவர்களின் வேலைதான். அங்கே கால்ஷீட் என்று இருந்ததைப்போல் இங்கே செஷன். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப்படி ஒரு செஷன் மூன்று மணி நேரம். அதற்குள் பதினைந்து நிமிட இசை வரை பதிவு செய்துகொள்ளலாம். கலைஞர் ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது பாட்டு என்னவென்றே அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு தாளை நீட்டுவார்கள். சில நேரங்களில் முழு ஸ்வரக் குறிப்பு இருக்கும். பல நேரங்களில் கார்டுகளின் (chords, சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) வரிசை மட்டும்தான். ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ பதிவுக்கு ஏற்றபடி வாசித்தாக வேண்டும்.

இதில் இரண்டு திறமைகள் வேண்டும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது. மற்றொன்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பாடகரின் குரல் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எங்கே கனக்கிறது என்று கேட்டு, அந்த இடங்களை விட்டு விலகி வாசிப்பது. இந்த இரண்டாவது திறமை உள்ளவரைத்தான் மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள். ஸ்டஃப் குழுவின் ஆறு பேரும் அப்படிக் கூப்பிடப்பட்டவர்கள். அந்தக் குழுவின் இசை முழுவதும் இந்தக் கேட்கும் பழக்கத்திலிருந்து முளைத்தது என்பதே என் கருத்து. கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இதையே வேறு வேறு பக்கங்களிலிருந்து சொல்லியிருக்கிறேன்.

இவர்கள் வாசித்த எந்தப் பாடல்களை நான் கேட்டிருக்கக்கூடும்?

1975-இல் உலகையே ஆட வைத்த வான் மெக்காயின் ‘தி ஹஸ்ல்’ பாடலில் எட்வர்ட்ஸ், டீ, கேல், கேட் நால்வரும் இருக்கிறார்கள். குரோவர் வாஷிங்டனும் பில் விதர்ஸும் சேர்ந்து தந்த ‘ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்’ பாடலின் மின்பியானோ டீ, டிரம்ஸ் கேட், கிட்டார் கேல். புரூக் பென்டன் பாடி 1970-இல் வெளிவந்த ‘ரெய்னி நைட் இன் ஜார்ஜியா’வில் குரலுக்குப் பக்கத்திலேயே நடந்து வரும் கிட்டார் டுப்ரீயுடையது. பால் சைமனின் ‘ஃபிஃப்டி வேஸ் டு லீவ் யுவர் லவர்’ பாடலைத் தொடங்கி வைக்கும், அணிவகுப்பு நடை கொண்ட டிரம்ஸ் கேட் அமைத்தது. ஸ்டீலி டான் குழுவின் 1977 ஆல்பமான ‘ஏஜா’வின் தலைப்புப் பாடலில் வரும் டிரம்ஸ் தனியும் (சோலோ) அவருடையதே.

1976-இல் வெளிவந்த ஜோ காக்கரின் ‘ஸ்டிங்ரே’ ஆல்பத்துக்கு ஸ்டஃப் குழுவே பக்கவாத்தியக் குழுவாக அமைந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அது பதிவானது.

பகலெல்லாம் ஸ்டூடியோவில் வாசித்தவர்கள் இரவில் ஏன் மறுபடியும் வாசிக்கப் போனார்கள்?

பகலில் வாசித்தது பிறருக்காக என்பதால்தான். மூன்று நிமிடப் பாட்டில் டுப்ரீக்குக் கிடைப்பது நாலைந்து சிறு இடைவெளிகள். அந்த நாலு ஸ்வரங்களை அவர் எவ்வளவு அழகாக வைத்தாலும் அடுத்த வரி வந்து அவற்றை மூடிவிடும். ஒரு நடை (குரூவ், திரும்பத் திரும்ப வரும் தாளப்போக்கு) நன்றாக அமைந்துவிட்டால், அதிலேயே கால் மணி நேரம் இருக்க வேண்டும் என்று எந்தக் கலைஞருக்கும் தோன்றும். ஸ்டூடியோவில் அது நடக்காது, மணி பார்ப்பார்கள்.

மன்ஹாட்டனின் மேல் மேற்குப் பகுதியில், 97-ஆம் தெருவும் கொலம்பஸ் அவென்யூவும் சந்திக்கும் மூலையில், மிக்கெல்ஸ் என்ற கிளப் இருந்தது. சாப்பாடு, மது, ஒரு சிறிய மேடை. கணவனும் மனைவியுமாக நடத்திய இடம். ஸ்டஃப் தன் இசையைக் கண்டுபிடித்தது அங்கேதான். முதலில் ‘என்சைக்ளோபீடியா ஆஃப் சோல்’ என்ற பெயரில் எட்வர்ட்ஸ் ஒரு குழு வைத்திருந்தார். அதுவே ஸ்டஃப் ஆனது. தங்கள் ஆல்பங்களில் வாசித்தவர்களைப் பார்க்கப் பாடகர்களும் வருவார்கள், தங்களுக்கு அடுத்த வாரம் யார் வேண்டும் என்று பார்க்கத் தயாரிப்பாளர்களும் வருவார்கள்.

இரண்டு கிட்டார், இரண்டு டிரம்ஸ். ஒன்றோடொன்று மோதாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமானதும்கூட. ஏனென்றால் பெரும்பாலான குழுக்களில் மோதும்.

முதலில் கிட்டார்கள். டுப்ரீ ஒரே நேரத்தில் தாளமும் வாசிப்பார், பதிலும் வாசிப்பார். இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டி, ஒரு சிறு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி தாளத்துக்குள் போய்விடுவார். டெக்சாஸ் புளூஸின் மண்வாசனை அதில் உண்டு. கேலின் வழி வேறு. அவருடைய வாக்கியங்கள் ஒற்றை ஸ்வரங்களால் ஆனவை. ஒரு ஸ்வரத்தை அழுத்தி, கொஞ்சம் தாமதித்து, அதைச் சற்றே வளைத்து விடுவார். அவர் அடுத்த ஸ்வரத்தை வாசிப்பாரா மாட்டாரா என்று நாம் காத்திருக்கும் அந்த நொடியிலேயே பாதி இசை இருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் கையை அடக்கிக்கொள்கிறார். ஒரே அடுப்படியில் பல வருடம் சேர்ந்து சமைத்த இருவர் ஒருவர் கை மற்றவர் கையில் படாமல் வேலை செய்வது போன்ற பழக்கம் அது. இடது காதில் ஒருவர், வலது காதில் மற்றவர் என்று பிரித்து வைத்த பதிவுகளில் இதைத் தெளிவாகப் பின்தொடரலாம்.

டிரம்ஸில் முதலில் இருந்தவர் பார்க்கர். கேட் பின்னர் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து வாசிக்கும்போது இரண்டு மடங்கு சத்தம் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒருவர் ஸ்னேர் (படபடவென ஒலிக்கும் சிறு டிரம்) அடியையும் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அடியையும் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். மற்றவர் ஹை-ஹேட் என்னும் ஜோடித் தட்டுகளிலோ டாம் என்னும் மற்ற டிரம்களிலோ சின்னச் சின்ன ஓட்டங்களை நிரப்புவார். சிறிது நேரம் கழித்து, யாரும் சைகை காட்டாமலே, பொறுப்புகள் கைமாறியிருக்கும். இரண்டு பேரும் ஒரே அடியை அடிக்கும் இடங்களில் ஒலி தடிக்கிறதே தவிரப் பெருக்காது. சிறு வயதிலிருந்தே அணிவகுப்பு டிரம்ஸ் பயிற்சியில் ஊறியவர் கேட். வலது, இடது கை வரிசைகளை அவர் ஹை-ஹேட்டுக்கும் ஸ்னேருக்கும் பங்கிட்டுத் தரும் விதத்தை உலகெங்கும் டிரம்ஸ் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் அடியில் எட்வர்ட்ஸ். அவர் பேஸில் வித்தை காட்டுவதில்லை. சில ஸ்வரங்களே, ஆனால் ஒவ்வொன்றும் தன் முழு நீளத்துக்கு ஒலிக்கும், அல்லது சரியான இடத்தில் துண்டிக்கப்படும். மேலே நான்கு பேர் சுதந்திரமாக நகர முடிந்ததற்கு அதுதான் காரணம்.

ரிச்சர்ட் டீயை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

அவருடைய இடது கைக்காக. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல் பியானோ மரபில் பியானோ ஒருவரே முழுக் குழுவாக இருக்க வேண்டும். பாடுபவர்களைத் தூக்கி நிறுத்த வேண்டும், கைதட்டலுக்கு வழி காட்ட வேண்டும், தாளமும் விடாமல் ஓட வேண்டும். டீயின் இரண்டு கைகளிலும் அந்த மரபு இருந்தது. இடது கை பேஸைப்போலத் துள்ளி நடக்கும். வலது கை கனத்த கார்டுகளை அடிக்கு நடுவே செருகும். குழுவில் பேஸும் இரண்டு கிட்டாரும் இருந்தும் அவர் இடது கையை முடக்கிக்கொள்ளவில்லை. எட்வர்ட்ஸுக்கு இடம் விட்டு, அதே நேரம் அந்தத் துள்ளலையும் இழக்காமல் வாசித்தார். வேறு எவரும் செய்து நான் கேட்டிராத காரியம் இது.

மின்பியானோவில் அவருக்கென்று ஒரு நிறம் உண்டு. ஃபெண்டர் ரோட்ஸின் ஒலியை ஃபேஸர் என்னும் கருவி வழியாக அனுப்புவார். ஒலி மெல்லச் சுழன்று சுழன்று வரும். மெதுவான ‘மை ஸ்வீட்னஸ்’ உருப்படியில் அந்தச் சுழற்சியைக் கேட்டால், பிற்காலத்தில் எத்தனை பேர் அதைப் பின்பற்றினார்கள் என்பது விளங்கும். பெருத்த உடலும் பெரிய கைகளும் கொண்ட மனிதர். மேடைப் படங்களில் அவர் பியானோ முன் அசையும் விதத்தைப் பார்த்தாலே அடுத்த அடி எங்கே விழும் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

ஸ்டஃப் வாசிப்பதைக் கேட்டேன். எதுவும் நடக்கவில்லை. நான் எதைத் தவறவிட்டேன்?

இப்படிச் சொல்பவர்கள் பலர். ராகமாலிகைபோல இடத்துக்கு இடம் மாறும் இசையைக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒரே நடை பத்து நிமிடம் நீடிப்பது வெறுமையாகத் தோன்றுவது இயல்பு. பாடகர் கிடையாது. உச்சகட்டத்துக்கு ஏறும் நீண்ட தனியும் அரிது.

கேட்கும் முறையை மாற்றிப் பாருங்கள். முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். எட்வர்ட்ஸ் எந்த இடத்தில் வாசிக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள். அந்த இடைவெளிகள் ஒரே இடத்தில் வருவதில்லை. அடுத்த முறை ஸ்னேர் அடியை மட்டும். அது கடிகாரத் துல்லியத்தோடு விழுகிறது என்று முதலில் தோன்றும். இன்னும் கூர்ந்து கேட்டால், ஒரு மயிரிழை பின்தங்கி விழுவது தெரியும். ஆனால் வேகம் குறைவதில்லை. கிட்டார்கள் அடியின் முன்விளிம்பிலும் ஸ்னேர் பின்விளிம்பிலும் நிற்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இழுவைதான் நம் தலையை ஆட வைக்கிறது.

பிறகு ஒலி அளவைக் கவனியுங்கள். ஆறு பேரும் சொல்லிவைத்ததுபோலத் திடீரென அடங்குவார்கள், ஏறக்குறைய முணுமுணுப்பு அளவுக்கு. நடை மட்டும் தளராது. அங்கிருந்து மறுபடி மெல்ல எழுவார்கள். அடங்கி வாசிக்கும்போது வேகத்தை விட்டுவிடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது மிருதங்கம் வாசிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஸ்டஃப் குழுவின் உச்சங்கள் எனக்கு இந்த அடங்கிய இடங்களில்தான் இருக்கின்றன.

இது உண்மையில் ஜாஸ் ஃப்யூஷன்தானா?

கடைகளில் அந்த அடுக்கில்தான் வைக்கிறார்கள். ஜாஸின் உடனடிக் கற்பனையும், சோல், காஸ்பல், புளூஸ் ஆகியவற்றின் நடையும், மின்வாத்தியங்களும் கலந்திருப்பதால் அந்தப் பெயர் தவறில்லை. ஆனால் ஃப்யூஷன் என்ற ஒரே பெயரின் கீழ் எதிரெதிர்த் துருவங்கள் இருந்த காலம் அது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்ளினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா 1970-களின் தொடக்கத்தில் ஒற்றைப்படைத் தாளங்களையும் மின்னல் வேகத்தையும் வைத்துப் பெயர் வாங்கியது. அதே மெக்லாக்ளின் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம் ஆகியவற்றோடு சக்தி குழுவை அமைத்தார். அதன் முதல் ஆல்பம் 1975-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் கச்சேரியாகவே பதிவாகி 1976-இல் வந்தது. ஸ்டஃப் குழுவின் முதல் ஆல்பம் வந்ததும் அதே 1976-இல்தான். சக்தியில் கணக்கும் கோர்வையும் கேட்பவரை இருக்கை நுனிக்குக் கொண்டுவருகின்றன. ஸ்டஃப் அவரைச் சாய்ந்து உட்காரச் சொல்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்?

மேடைப் பதிவிலிருந்து. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1978 நவம்பரில் டோக்கியோவில் பதிவான ‘லைவ் ஸ்டஃப்’, மிக்கெல்ஸ் கிளப்பிலேயே பதிவாகி 1980-இல் வந்த ‘லைவ் இன் நியூயார்க்’ – இரண்டில் எது கிடைக்கிறதோ அது. கண்ணாலும் பார்க்க விரும்பினால், 1976-இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ விழாவில் அவர்கள் வாசித்தது காணொளியாக வெளிவந்திருக்கிறது.

ஸ்டூடியோ ஆல்பங்கள் மூன்று: 1976-இல் ‘ஸ்டஃப்’, 1977-இல் ‘மோர் ஸ்டஃப்’, 1979-இல் ‘ஸ்டஃப் இட்’. முதலாவது அருமையானது, அதைத் தொடங்கி வைக்கும் ‘ஃபூட்ஸ்’ உருப்படி இந்தக் குழுவின் முகவரி என்றே சொல்லலாம். மற்ற இரண்டும் என்னை அந்த அளவுக்கு ஈர்க்கவில்லை. கிளப்பில் நீண்டு விரியும் ஒரு நடை, அங்கே நான்கு நிமிடத்தில் மங்கி மறைகிறது. எந்த நேரக் கூண்டிலிருந்து தப்பிக்க இந்தக் குழு உருவானதோ, அதற்குள்ளேயே மறுபடி அடைபட்டுப்போனது என்று வருத்தமாக இருக்கும்.

ஜப்பானில் இவர்களுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்?

ஜப்பானிய ரசிகர்கள் ஆல்பத்தின் பின்னட்டையைப் படிப்பவர்கள். பாடகரின் பெயரோடு நிற்காமல், டிரம்ஸ் யார், கிட்டார் யார் என்று தேடி, அந்தப் பெயர் இருக்கும் மற்ற ஆல்பங்களையும் வாங்கினார்கள். அமெரிக்காவில் பின்னணியில் நின்றவர்களுக்கு டோக்கியோவில் பெரிய அரங்குகள் நிறைந்தன. ‘லைவ் ஸ்டஃப்’ பதிவில் அந்த அரங்கின் ஆரவாரத்தைக் கேட்கலாம்.

இதேபோன்ற வேறு குழுக்கள் உண்டா?

உண்டு. நியூயார்க்கிலேயே மைக் மைனியேரி என்ற வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) கலைஞர், மைக்கேல் பிரெக்கர் (சாக்சபோன்), டான் கிரோல்னிக் (பியானோ), எடி கோமஸ் (பேஸ்), ஸ்டீவ் கேட் ஆகியோரோடு சேர்ந்து ஸ்டெப்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். 1979 டிசம்பரில் டோக்கியோவின் பிட் இன் கிளப்பில் அவர்கள் வாசித்தது ‘ஸ்மோக்கிங் இன் தி பிட்’ என்ற ஆல்பமானது. ஸ்டஃப் குழுவைவிட ஜாஸ் அதிகம், வேகமும் அதிகம். குழு பிற்பாடு ஸ்டெப்ஸ் அஹெட் என்று பெயர் மாறியது.

லாஸ் ஏஞ்சலஸில் மிக்கெல்ஸுக்கு இணையான இடம் பேக்டு பொட்டேட்டோ. டான் ராண்டி என்ற செஷன் பியானோ கலைஞர் 1970-இல் தொடங்கிய மிகச் சிறிய கிளப் அது. லாரி கார்ல்டன், லீ ரிட்டனவர், ஸ்டீவ் லூக்கதர், ஜெஃப் போர்க்காரோ போன்ற அந்த நகரத்து செஷன் கலைஞர்கள் வாசித்த மேடை. கிரெக் மதீசன் குழு 1981-இல் அங்கே பதிவு செய்த ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள். அதில் போர்க்காரோவின் டிரம்ஸ் கட்டவிழ்ந்து ஓடுகிறது.

ஸ்டஃப் ஏன் நீடிக்கவில்லை?

ஆறு பேருமே தேடப்பட்டவர்கள் என்பதால் அவர்களை ஒரே இரவில் ஓரிடத்தில் சேர்ப்பது கடினம். 1980-இல் பால் சைமனின் ‘ஒன்-டிரிக் போனி’ படத்திலும் அவருடைய கச்சேரிச் சுற்றிலும் டீ, கேல், கேட் மூவரும் இருந்தார்கள். பாதிக் குழு அங்கே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டில்தான் உண்மையான டிரம்ஸ் ஒலிகளை எண்முறையில் சேமித்து வாசித்த லின் எல்எம்-1 இயந்திரம் விற்பனைக்கு வந்தது. ஆறேழு பேர் ஒரே அறையில் அமர்ந்து பாட்டைப் பதிவு செய்யும் முறையே பின்னர் மெல்லத் தேயத் தொடங்கியது. ஸ்டஃப் போன்ற ஒரு குழுவை வளர்த்தெடுத்த மண் அது.

1986 வாக்கில் கேட், டீ, டுப்ரீ மூவரும் எடி கோமஸோடும் பாரிடோன் சாக்சபோன் வாசித்த ரோனி கியூபரோடும் கேட் கேங் என்ற குழுவில் மறுபடி ஒன்றுகூடினார்கள். ஸ்டஃப் குழுவின் தொடர்ச்சி வேண்டும் என்பவர்கள் அங்கே போகலாம். டீ 1993 ஜூலையில் 49 வயதில் இறந்தார். கேல் 1994 மே மாதத்தில், டுப்ரீ 2011 மே மாதத்தில்.

நான் கிட்டார் கற்கிறேன். இவர்களிடமிருந்து எதை எடுத்துப் பயிலலாம்?

டுப்ரீயின் ஒரு தனியை ஸ்வரம் ஸ்வரமாக எழுதி எடுப்பதைவிட, அவர் தனி வாசிக்காத நேரத்தில் என்ன செய்கிறார் என்று எழுதி எடுங்கள். ஒரே கார்டை எத்தனை இடங்களில் பிடிக்கிறார், எந்த அடியில் தந்தியை அடக்குகிறார், கேல் வாசிக்கத் தொடங்கியதும் எந்த ஒலிப்பகுதியைக் காலி செய்கிறார் என்று பாருங்கள். பிறகு நண்பர் ஒருவரைக் கூட்டிவைத்து, ஒரே நடையைப் பத்து நிமிடம் நிறுத்தாமல் இருவரும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். நாலாவது நிமிடத்தில் கை எதையாவது சேர்க்கத் துடிக்கும். அப்போது சேர்க்காமல் தொடருங்கள்.

இன்று யாரையாவது நேரில் கேட்க முடியுமா?

ஸ்டீவ் கேட் தன் பெயரிலேயே ஒரு குழு வைத்துப் பல ஆண்டுகளாகச் சுற்றி வாசித்து வந்திருக்கிறார். அந்தக் குழுவின் 2018 ஆல்பம் கிராமி விருது பெற்றது. மிக்கெல்ஸ் 1991-இல் மூடப்பட்டுவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் போகும் வாய்ப்பு அமைந்தால் பேக்டு பொட்டேட்டோவின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுப் போங்கள். மிகச் சிறிய இடம் என்பதால் இருக்கை சீக்கிரம் நிரம்பிவிடும். முடிந்தால் டிரம்ஸுக்குப் பக்கத்து மேசையைக் கேளுங்கள்.